தை மூன்றும் மே இருபதும்

தங்கமாரி எந்தச் சட்டையைக் கையில் எடுத்தாலும் முதலில் உள்பக்கம் திருப்பித்தான் பார்ப்பாள். புதியம்புத்தூரில் ரெடிமேட் துணி தைக்கும் கம்பெனி ஒன்றில் எட்டு வருடமாகச் செக்கிங் மேசையில் நிற்கிறவள் அவள். நூல் விட்ட இடமும் அவசரத்தில் ஓட்டிய தையலும் உள்ளேதான் தெரியும். தங்கை சுடலைச்செல்விக்குக் கால்பந்துக் கிளப் தேடியபோதும் அவள் இதே வேலையைத்தான் செய்தாள்.

செல்வி கோவில்பட்டியில் ப்ளஸ் ஒன் படிக்கிறாள். சைக்கிளில் போகிற பிள்ளைகளின் முதுகில் ஹாக்கி மட்டை தொங்கும் ஊர் அது. பந்தை வலைப்பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிற செல்வியைப் பார்த்து, பஸ் ஸ்டாண்டில் பழக்கடை வைத்திருக்கிறவர் தினமும் ஒரே கேள்வியைக் கேட்பார்.

“ஏட்டி, மட்டைய எங்க?”

“வீட்ல வச்சிட்டு வந்துட்டேன் அண்ணாச்சி. கால் ரெண்டும் இருக்குல்லா, அது போதும்.”

அவர்கள் ஊர் கோவில்பட்டிக்குக் கிழக்கே, மெயின் ரோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிறது. ஊர்ப் பிள்ளைகள் ஆடும் பொட்டல் கண்மாய்க் கரைக்குக் கீழே. நாலு பக்கமும் சீமைக் கருவேலம். பந்து முள்ளுக்குள் போனால் ஒரே குத்தில் காற்று இறங்கிவிடும். அதனால் அந்தப் பொட்டலுக்கு ஒரு சட்டம் உண்டு. முழங்காலுக்கு மேலே பந்தைத் தூக்கி அடித்தவர் ஆட்டத்தை விட்டு வெளியே போக வேண்டும். பந்து பஞ்சரானால் அடுத்த பந்துக்கும் அவரே பொறுப்பு. கோடையில் கரிசல் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும். வெடிப்புக்குள் கால் மாட்டாமல் இருக்கக் குறுங்காலடி வைத்து ஓட வேண்டும். செல்வி ஆறு வயதிலிருந்து அங்கேதான் ஆடினாள். அவள் பந்து தரையை விட்டு எழும்பாது.

பள்ளிக்கூட விளையாட்டு ஆசிரியர் செண்பகராஜ்தான் லீக் பேச்சை முதலில் எடுத்தார்.

“பள்ளிக்கூட மேட்ச் வருஷத்துக்கு மூணோ நாலோ. லீக்னா அக்டோபர்ல இருந்து ஜனவரி வரைக்கும் வாரா வாரம் ஆட்டம். இவ வளரணும்னா அங்கன போய் ஆடணும்மா. டீமுக்கு ஆள் எடுக்குத தேர்வு ஆடி மாசம் வரும்.”

மூன்று கிளப்புகளின் நம்பரையும் அவரே எழுதிக் கொடுத்தார். அம்மா வெயிலம்மாளுக்குத் தடையில்லை, ஒரு நிபந்தனை மட்டும் இருந்தது.

“இந்த வருஷம் போகட்டும். அடுத்த வருஷம் ப்ளஸ் டூ. அப்பம் பந்து கிந்துன்னு ஒருத்தியும் என் முன்னால வந்து நிக்கப்பிடாது.”

ஆக, இருந்தது இந்த ஒரு வருடம். இதில் இடம் கிடைக்காவிட்டால் செல்வியின் பந்து அந்தப் பொட்டலோடு நின்றுவிடும். அக்கா, தங்கை இருவருக்கும் அது தெரியும்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று ஊர்களுக்குத் தங்கமாரி தனியாகப் போய் வந்தாள். மேட்ச் நடக்கும் நாளில் போகவில்லை. பயிற்சி நடக்கும் நாளில் போய், ஆடுகிறவர்களை விட்டுவிட்டு ஓரத்தில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளைப் பார்த்தாள். பார்த்ததை நாற்பது பக்க நோட்டில் எழுதினாள்.

மதுரையில் கண்ணாடி அலமாரி நிறையக் கோப்பைகள். பயிற்சியில் முப்பது பிள்ளைகள் நின்றார்கள். பதினைந்து பேருக்கு இரண்டு மணி நேரமும் வெளியே போன பந்தை எடுத்துப் போடுகிற வேலைதான். புதுப் பிள்ளைக்கு எத்தனை ஆட்டம் கிடைக்கும் என்று கேட்டாள். “அது திறமையப் பொறுத்தது” என்றார்கள். நோட்டில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

தூத்துக்குடியில் எல்லாப் பிள்ளைகளும் ஆடினார்கள். அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் பயிற்சி முடிய ஆறே முக்கால். இரண்டு பஸ் மாறி மெயின் ரோட்டில் ஊர் விலக்கில் இறங்கும்போது ஒன்பதரை ஆகிவிடும். அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் நடை. அந்தப் பக்கத்தில் ஒரே கோடாகக் குறுக்கே கிழித்தாள்.

திருநெல்வேலியில் பயிற்சி நாலு மணிக்கே முடிந்தது, பயிற்சியாளர் பிரேமலதா. நாற்பது வயது இருக்கும், தொப்பியும் விசிலுமாக வெயிலில் நிற்கிற பெண். அவரிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. யார் எந்த ஆட்டத்தில் எத்தனை நிமிடம் ஆடினாள் என்று தேதி வாரியாக எழுதியிருந்தார். போன வாரம் குறைவாக ஆடியவள் இந்த வாரம் முதலில் இறங்குவாள். தங்கமாரி அந்த நோட்டைக் கேட்டு வாங்கி, ஆறு பக்கம் கூட்டிப் பார்த்தாள். பிறகு கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

“நீங்க ஆடிட்டராம்மா?” என்று கேட்டார் பிரேமலதா.

“இல்ல மேடம். கார்மென்ட்ஸ்ல செக்கிங்.”

“பாஸா ஃபெயிலா?”

“பாஸ் மேடம். ஒரு பக்கத்துல மட்டும் கூட்டல் தப்பா இருக்கு. பிள்ளைக்கு அஞ்சு நிமிசம் குறைஞ்சு போச்சு.”

பிரேமலதா நோட்டைத் திரும்ப வாங்கிப் பார்த்தார். சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்துத் திருத்தினார். திருநெல்வேலி என்று முடிவானது அப்படித்தான்.

விண்ணப்பம் செல்போனில் வந்தது. பதினைந்து வயதுக்குட்பட்டோர் பிரிவு: 2011 ஜனவரி முதல் தேதிக்கு முன்னால் பிறந்தவர்களுக்கு இடமில்லை. செல்வி பிறந்தது 2011 ஜனவரி பதினேழு. பொங்கலிலிருந்து மூன்றாம் நாள், தை மூன்று, புதூர் ஆஸ்பத்திரியில். அம்மாவுக்கும் ஊருக்கும் தெரிந்த பிறந்தநாள் அது. ஆதாரிலும் பள்ளிச் சான்றிதழிலும் இருந்தது வேறொன்று: 2010 மே இருபது.

அந்த வட்டாரத்தில் பாதிப் பேருக்கு இப்படி இரண்டு பிறந்தநாள் உண்டு, வீட்டில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் ஒன்று. பிள்ளையைச் சேர்க்கப் போகும்போது ஐந்து வயது நிரம்பும்படி ஒரு தேதியைச் சொல்லிச் சேர்ப்பது வழக்கம். பெரும்பாலும் மே மாதமாகவே இருக்கும். செல்வியின் மே இருபதையும் அன்றைய தலைமை ஆசிரியைதான் போட்டார் என்று வீட்டில் எல்லாரும் நம்பினார்கள். தங்கமாரி மட்டும் நம்பவில்லை. அந்தத் தேதியைச் சொன்னவளே அவள்தான்.

மறுநாள் கம்பெனியில் பக்கத்து மேசைக் காவியாவிடம் விஷயத்தைச் சொன்னாள். காவியா ஒரு நிமிடம் கூட யோசிக்கவில்லை.

“ஜெராக்ஸ்ல பத்த பதினொண்ணாக்கு. முட்டைய அழிச்சிட்டு ஒரு கோடு. யாருக்குக்கா தெரியப் போவுது?”

“பிரிச்சுத் தைச்ச சட்டை உனக்கே தெரியுதுல்லா. அவியளுக்குத் தெரியாதா?”

“அப்பம் நெசமான பிறப்புச் சான்றிதழ வாங்கிக் கொடு. அது பொய்யில்லயே.”

அதையும் செய்து பார்த்தாள். அரைநாள் லீவு போட்டுப் புதூர் போய்ச் சான்றிதழை வாங்கிவிட்டாள். அதில் தை மூன்று சரியாக இருந்தது. ஆனால் அது ஒரு தேதி சொல்லியது, மற்ற இரண்டும் வேறு தேதி சொல்லின. அவள் பிரேமலதாவுக்குப் போன் போட்டு, ஒன்றையும் மறைக்காமல் முழுவதையும் சொன்னாள்.

“மூணு பேப்பரும் ஒரே தேதி சொல்லணும் தங்கமாரி. திருத்த எழுதிப் போடுங்க, ஆனா மாசக்கணக்காகும். லீக்குக்குப் பேர் கொடுக்க ஆகஸ்ட் கடைசி. நடுவுல யாராவது புகார் சொன்னா மொத்த டீமுக்கும் புள்ளி போயிரும்.”

“அப்பம் இந்த வருஷம் வழியே இல்லையா மேடம்?”

“பதினேழு வயசுப் பிரிவு இருக்கு. ரெண்டு தேதியும் அதுக்குப் பொருந்தும், ஆதார்ல உள்ள மே இருபதையே போட்டா புகாருக்கு இடமில்ல. பதினஞ்சுக்குத் தேர்வு நடக்குற அன்னிக்கே மத்தியானம் இதுக்கும் தேர்வு. ஆனா நாலு இடந்தான். வாரதெல்லாம் பதினாறு வயசுப் பிள்ளைங்க. உங்க தங்கச்சி தாங்குவாளா?”

“தாங்குவா மேடம்” என்றாள் தங்கமாரி.

ஆடி இரண்டாம் ஞாயிறு. காலை பஸ்ஸில் ஜன்னலோரம் செல்வி. மடியில் வகுப்புத் தோழியிடம் இரவல் வாங்கிய பூட்ஸ். ஒரு அளவு பெரியது. முன்பக்கத்தில் பத்திரிகைத் தாளைச் சுருட்டித் திணித்துக்கொண்டிருந்தாள். கயத்தாறு நெருங்கியதும் மேற்கேயிருந்து மேல்காற்று பஸ்ஸைப் பக்கவாட்டில் தள்ளியது. ஜன்னல் கண்ணாடிகள் கடகடவென்று ஆடின.

“செல்வி, உன் மே இருபது யாரு கொடுத்ததுன்னு தெரியுமா?”

“பெரிய டீச்சர். அம்மா சொல்லுவாள்ல.”

“டீச்சர் இல்ல. நான்.”

செல்வியின் கை தாளோடு நின்றது. தங்கமாரி நேராக முன்சீட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அந்த வருடம் மழை இல்லை. அப்பாவும் அம்மாவும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு, வயல்களில் உரத்துக்காகக் கிடை போட ஆற்றுப் பக்கம் போய்விட்டார்கள். திரும்பி வர ஐப்பசி ஆகும். செல்விக்கு நாலரை வயது. பால்வாடி அடுத்த ஊரில், அதுவும் மத்தியானம் வரைதான். தங்கமாரி ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடம் திறந்து நாலு நாள் தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டில் இருந்தாள். ஐந்தாம் நாள், தலை சீவிப் பவுடர் போட்டு, கையைப் பிடித்துக்கொண்டு ஊர் ஆரம்பப் பள்ளிக்குப் போனாள். அம்மா சொல்லிவிட்டதாக ஒரு பொய், மே இருபது என்று இன்னொரு பொய். நாலு மணி வரை பள்ளிக்கூடம், அதற்குப் பிறகு பக்கத்து வீடு. அப்படித்தான் தங்கமாரி பத்தாம் வகுப்பு வரை எழுதி முடித்தாள்.

செல்வி தாளை மறுபடி திணிக்கத் தொடங்கினாள்.

“அப்பம் கிளாஸ்ல நான் மட்டும் குட்டையா இருந்ததுக்கு நீதான் காரணமா?”

“ம்.”

“கபடில என்னய மட்டும் தூக்கித் தூக்கிப் போட்டாளுவளே, அதுக்கும்?”

“ம்.”

“பத்தாவது பாஸ்னுதான உனக்குச் செக்கிங் வேலை கொடுத்தாவ?”

“ஆமா. இல்லன்னா பட்டன் வைக்கத்தான் விட்டிருப்பாவ.”

“சரி. வேலைய நீ வச்சுக்கோ, குட்டைய நான் வச்சுக்கிடுதேன்” என்றாள் செல்வி. பூட்ஸைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்தாள். தாள் அசையவில்லை. “அதுக்கா இத்தன நாளா தேதியப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கிட்ட? நானும் ஒண்ணாப்புல இருந்து என்னய விடப் பெரிய பிள்ளையளோடதான ஆடுதேன். இன்னிக்கு மட்டும் புதுசா என்ன?”

பத்து வருடமாக நெஞ்சுக்குள் முடிச்சாகக் கிடந்ததை இவள் ஒரு நூல் இழுப்பில் அவிழ்த்துவிட்டாளே என்று தங்கமாரிக்கு இருந்தது.

மைதானத்தில் நாற்பத்து மூன்று பெண்கள். மேசையில் ஆதாரையும் விண்ணப்பத்தையும் ஒத்துப் பார்த்து, எண் போட்ட கையில்லாப் பனியன் கொடுத்தார்கள். செல்விக்கு முப்பத்தொன்று. தொடைக்குக் கீழே தொங்கியது. தங்கமாரி அவளை மரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போய், பையிலிருந்து ஊசி நூல் எடுத்து, இரண்டு பக்கமும் மடித்துப் பத்துத் தையல் போட்டாள்.

“அசையாத. குத்திரும்.”

“மேசையில இருக்கவிய திட்டப் போறாவ.”

“போகும்போது பிரிச்சிக் கொடுத்துருவேன். துணிக்கு ஒரு சேதாரமும் இருக்காது.”

பக்கத்தில் உயரமான பெண்ணொருத்தி காலுறையை இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். அமுதவள்ளி என்று பெயர், பத்தொன்பதாம் எண். அந்த ஊர்க்காரி, போன வருடமும் வந்து இடம் கிடைக்காமல் போனவள். இவர்களைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னாள்.

“அஞ்சாப்புப் பிள்ளைய யாருட்டி கூட்டிட்டு வந்தா? அங்கன உக்காரச் சொல்லுங்க, பந்து பட்டுரப் போவுது.”

“பட்டா பந்துக்குத்தான் வலிக்கும்க்கா” என்றாள் செல்வி, நூல் அறுபடும் வரை அசையாமல் நின்றபடி.

இருபது இருபது நிமிடமாக ஆளுக்கு மூன்று ஆட்டம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஆட்களை மாற்றி மாற்றிப் போட்டார் பிரேமலதா. தங்கமாரி கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். செல்வி பந்தைத் தொடும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு கோடு. பந்து நம்மவரிடம் போனால் கோட்டின் மேல் புள்ளி. எதிராளிக்குப் போனால் பெருக்கல் குறி.

முதல் ஆட்டத்தில் இரண்டே கோடு. யாரும் அவளுக்குப் பந்து கொடுக்கவில்லை. ஒரு தடவை தோளில் இடி வாங்கி உருண்டாள். எழுந்து, முழங்கையில் ஒட்டிய செம்மண்ணைத் தட்டிவிட்டு, விழுந்த இடத்துக்கே திரும்பி ஓடினாள். ஒரு பெருக்கல் குறியும் விழுந்தது. பின்பக்கம் பார்க்காமல் அவள் தட்டிய பந்தை எதிராளி பறித்துக்கொண்டு போய்க் கோல் போட்டுவிட்டாள். தங்கமாரி அதையும் விடாமல் குறித்தாள். தங்கை என்பதற்காகச் செக்கிங்கில் சலுகை கிடையாது.

இரண்டாம் ஆட்டத்துக்குள் காற்று ஏறிவிட்டது. ஆடிக் காற்று மைதானத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அடித்தது. பலசாலிப் பெண்கள் ஓங்கி உதைத்த பந்தெல்லாம் மேலே போய் நின்று யோசித்து, உதைத்தவள் தலைக்கே திரும்பி வந்தது. இல்லையென்றால் ஒரேயடியாகச் சுவருக்கு வெளியே போனது. ஒவ்வொரு முறையும் “ஐயோ” என்று நின்று வேடிக்கை பார்த்தார்கள். செல்வி அண்ணாந்து பார்க்கவே இல்லை. பந்து கீழே வந்தால் காலடியில் நிறுத்தினாள், குறுங்காலடியில் நாலு எட்டு ஓடினாள், மண்ணோடு ஒட்டி உருட்டிவிட்டாள். தரையில் போகிற பந்தைக் காற்றால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பதினோரு கோடு. ஒன்பது புள்ளி.

மூன்றாம் ஆட்டத்தில் அமுதவள்ளியும் செல்வியும் ஒரே பக்கம். முதல் ஐந்து நிமிடம் அமுதவள்ளி இவளைக் கண்டுகொள்ளவில்லை. காற்றுக்கு எதிராக மூன்று தடவை தூக்கி அடித்துப் பார்த்தாள். மூன்றும் வீணாயின. அப்புறம் கோல் பக்கம் ஓடிக்கொண்டே கையைத் தூக்கினாள்.

“ஏட்டி முப்பத்தொண்ணு, இங்கன போடு.”

செல்விக்கும் அவளுக்கும் நடுவில் இரண்டு பேர் நின்றார்கள். அந்த இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு ஆள் அகலம்கூட இல்லை. பந்து அந்த இடுக்கில் புகுந்து, அமுதவள்ளியின் வலக்காலுக்கு முன்னால் போய் மெதுவானது. அவள் செய்ய வேண்டியிருந்தது ஒரு தட்டு மட்டும்தான். கோல் விழுந்ததும் அவள் திரும்பி ஓடி வந்து செல்வியின் தலையைப் பிடித்து ஆட்டினாள்.

“இப்பிடிப் போடுவன்னு மொதல்லயே சொல்லுததுக்கு என்னட்டி?”

“நீங்கதான் உக்காரச் சொன்னிய.”

நாலரை மணிக்குப் பிரேமலதா எல்லாரையும் தரையில் உட்கார வைத்தார். சுற்றி வளைக்கவில்லை. நீள நோட்டைப் பார்த்து எண்களை மட்டும் படித்தார். ஏழு. பத்தொன்பது. முப்பத்தொன்று. நாற்பது. மற்றவர்களுக்கு ஒவ்வொருவராகக் கை கொடுத்து அனுப்பிவிட்டு, செல்வியைக் கூப்பிட்டார். தங்கமாரி இரண்டடி தள்ளி நின்றாள்.

“ஒரு பந்தக்கூடத் தூக்கி அடிக்கல. ஏன்?”

“எங்க ஊர்ல தூக்கி அடிச்சா முள்ளுக்குள்ள போயிரும் மிஸ். அடிச்சவதான் அடுத்த பந்து வாங்கிப் போடணும்.”

பிரேமலதா வாய்விட்டுச் சிரித்தார். “இங்க முள் கிடையாது. தூக்கி அடிக்கவும் படிச்சுக்கணும். காத்து இல்லாத நாளும் வரும்.”

“படிச்சுக்கிடுதேன் மிஸ்.”

“பயமா இருந்ததா, பெரிய பிள்ளைங்களப் பாத்து?”

“எனக்குச் சின்னப் பிள்ளையளோட ஆடித்தான் பழக்கமில்ல மிஸ்.”

லீக்குக்கான பதிவுப் படிவத்தைத் தங்கமாரிதான் நிரப்பினாள். பிறந்த தேதிக் கட்டங்களுக்கு வந்ததும் 20-05-2010 என்று ஒவ்வொரு எண்ணையும் கோட்டில் இடிக்காமல் எழுதினாள். பதினாலு வயதில் பயந்துகொண்டே சொன்ன தேதி. பனியனின் தையலைப் பிரித்து, நூல் துணுக்குகளை எடுத்துவிட்டு, மடித்து மேசையில் வைத்தாள்.

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. அம்மாவுக்குப் போன் போட்டபோது பருத்திக் காட்டிலிருந்து பேசினாள். “கிடைச்சிட்டா? சரி. வரும்போது பால் பாக்கெட் ஒண்ணு வாங்கிட்டு வாங்க” என்று வைத்துவிட்டாள். ஒரு நிமிடத்தில் மறுபடி அவளே கூப்பிட்டு, “கால்ல அடி கிடி பட்டுச்சா?” என்று கேட்டாள்.

செல்வி பூட்ஸைக் கழற்றிப் பத்திரிகைத் தாளை உருவினாள். கசங்கி, வியர்வையில் நனைந்து, மை அழிந்திருந்தது. கட்டைவிரல் பக்கம் தோல் உரிந்திருந்தது.

“யக்கா.”

“என்னட்டி?”

“பத்து வருஷமா மே இருபதுக்கு நீ எனக்கு ஒண்ணுமே வாங்கித் தரல. தேதிய மட்டும் கொடுத்துட்டுப் பேசாம இருந்துட்ட.”

“அதுக்கு?”

“எல்லாத்துக்கும் சேத்து ஒரே பூட்ஸ். என் கால் அளவுக்கு.”

தங்கமாரி பைக்குள் கையை விட்டாள். கம்பெனி அளவுநாடாவை எடுத்தாள். தங்கையின் வலது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். குதிகாலில் நாடாவின் நுனியை வைத்து, பஸ் குலுங்கி அடங்கும் வரை காத்திருந்து, கட்டைவிரல் வரைக்கும் இழுத்துப் பிடித்தாள். இருபத்து மூன்று சென்டிமீட்டர். இடது காலையும் அளந்தாள். அது ஒரு நூல் கூடுதல்.

நோட்டைத் திறந்து, கோடும் புள்ளியும் போட்ட பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் இரண்டு அளவையும் எழுதினாள். வளரும் கால். விரலுக்கு முன்னால் அரை சென்டிமீட்டர் இடம் விட வேண்டும் என்று பக்கத்தில் குறித்துக்கொண்டாள்.